ஊர் வரியை எழுதுவது யார்?

அன்றும் இன்றும்: ஜொகூர்

ஜொகூரில் வீடு வைத்திருப்பவர்களுக்கு ஆண்டில் இரண்டு கெடு உண்டு: பிப்ரவரிக் கடைசி, ஆகஸ்டுக் கடைசி. அதற்குள் மதிப்பீட்டு வரியைக் கட்டிவிட வேண்டும். வீட்டில் எல்லாரும் சொல்வது சுக்காய் பிந்து. கட்டத் தவறினால் ‘இ’ படிவம் என்ற நோட்டீஸ் வரும். அதற்கும் அசையாவிட்டால் ‘எஃப்’ படிவம் வரும். அது சாமான்களை எடுத்துப் போக அதிகாரம் தரும் வாரண்டு. கடை வைத்திருந்தால் வியாபார லைசென்சு, கடைப் பலகைக்கு ஒரு கட்டணம். இரவுச் சந்தையில் மேசை போட்டால் இடத்துக்கு ஒரு கட்டணம். காரை நிறுத்தினால் ஒன்று, நாய் வளர்த்தால் ஒன்று.

இவற்றைப் பற்றிக் காப்பிக்கடையில் பேசுவதெல்லாம் ‘ஏற்றிவிட்டார்கள்’ என்பதில் தொடங்கி ‘என்ன செய்வது’ என்பதில் முடிந்துவிடும். தொகையை எழுதியவர் யார், எழுதுமுன் யாரைக் கேட்டார் என்ற பக்கம் பேச்சு திரும்புவதே இல்லை. ஆனால் ஜொகூரின் நூற்றைம்பது ஆண்டுக்கும் மேற்பட்ட கணக்கைப் புரட்டிப் பார்த்தால், தொகையைவிட அதை எழுதும் கைதான் அதிகம் மாறியிருக்கிறது.

ஆற்றங்கரைக் குத்தகை

தெமெங்கோங் டாயெங் இப்ராகிம் 1855இல் தஞ்சோங் புத்ரியில் குடியேற்றத்தைத் தொடங்கியபோது அங்கே நகராட்சி என்று எதுவும் இல்லை. காடும் ஆறும்தான் இருந்தன. மிளகும் கம்பீரும் பயிரிடச் சீனர்கள் வந்தார்கள். ஒவ்வோர் ஆற்றுக்கும் ஒரு தலைவர்; அவருக்குக் காங்சூ என்று பெயர். ஆட்சியாளர் கொடுத்த ‘சூராட் சுங்கை’ என்ற அனுமதிக் கடிதம்தான் அவருடைய அதிகாரம். அந்த ஆற்றுக் குடியேற்றத்தில் அபின், சாராயம், சூதாட்டம், அடகுக்கடை, பன்றி இறைச்சி ஆகியவற்றின் தனியுரிமை அவர் கையில் இருந்தது.

இது தமிழ்நாட்டில் ஏரி மீனையும் சந்தைச் சுங்கத்தையும் ஏலம் விடும் குத்தகை முறைதான். ஆட்சியாளருக்கு ஒரு தொகை போகும். குத்தகைக்காரர் தன் சாமர்த்தியத்துக்கு ஏற்பத் திரட்டிக்கொள்வார். யாருக்கும் பில் வராது. கூலியாள் குடிக்கும் சாராயத்தின் விலைக்குள்ளேயே வரி இருந்தது. தான் வரி கொடுக்கிறோம் என்பதே அவனுக்குத் தெரியாது. தெரியாத வரிக்கு எப்படி ஆட்சேபம் சொல்வது?

குடியேற்றம் 1866இல் ஜொகூர் பாரு ஆனது. காங்சூ உரிமைகளை 1917இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். ரப்பர் வந்து மிளகையும் கம்பீரையும் ஏற்கெனவே ஓரங்கட்டியிருந்தது. பிரிட்டிஷ் பொது ஆலோசகரின் அலுவலகமும் வந்துவிட்டது. கணக்கு எழுதும் வேலை ஆற்றங்கரையிலிருந்து அலுவலக மேசைக்கு ஏறியது.

டவுன் போர்டு

ஜொகூருக்கென்று தனியாக ஒரு டவுன் போர்டு சட்டம் இருந்தது, எண் 118. பட்டணங்களில் வீட்டு வரி, சந்தைக் கட்டணம், தெருவியாபார லைசென்சு, சாக்கடை, குப்பை எல்லாம் போர்டின் பொறுப்பு. போர்டில் உட்கார்ந்தவர்கள் அதிகாரிகளும், அரசு பார்த்து நியமித்த ஊர்ப் பெரியவர்களும். சிங்கப்பூரை இணைக்கும் பாலம் 1924இல் முறையாகத் திறக்கப்பட்டபின் ஜொகூர் பாருவில் கடைகள் பெருகின. அவற்றோடு வரிப் பட்டியலும் நீண்டது.

அந்தப் பட்டியலில் தமிழர் எங்கே இருந்தார்கள்? பெரும்பாலோர் அதில் இல்லவே இல்லை. கூலாய், லாபிஸ், சிகாமட், குளுவாங், ரெங்கம் வட்டாரங்களின் ரப்பர் தோட்டங்களில் லயத்து வீடுகளில் இருந்தார்கள். தோட்டம் பட்டண எல்லைக்கு வெளியே. அங்கே தண்ணீர்க் குழாய் எங்கே வரும், கக்கூஸ் எத்தனை, குப்பையை எங்கே கொட்டுவது என்பதைத் தீர்மானித்தவர் துரை. தோட்டத்துக்கு டவுன் போர்டு கிடையாது. துரைதான் டவுன் போர்டு. லயத்தில் வீட்டு வரி பில் வந்ததில்லை. அது தோட்டக்காரரின் வீடு, நம் வீடு அல்ல.

பட்டணத்தில் இருந்த தமிழரில் செட்டியார்களும் கடைக்காரர்களும் வரி கட்டினார்கள். மற்றபடி தெருவைக் கூட்டியவர்கள், சாக்கடை வெட்டியவர்கள், மலவாளி சுமந்தவர்கள் பலர் நம் ஆட்கள். வரி கொடுப்பவர் பட்டியலில் பெயர் இல்லை. வரிப்பணத்தில் கூலி வாங்குபவர் பட்டியலில் பெயர் இருந்தது. வரியை எவ்வளவு வைப்பது என்ற பேச்சில் இரண்டு பட்டியலுக்கும் இடம் இல்லை.

ஓட்டு இருந்த ஆண்டுகள்

இதற்குப் பிறகு வந்த காலத்தை இன்று பலர் மறந்துவிட்டார்கள். மலாயாவில் முதன்முதலில் மக்கள் ஓட்டுப் போட்டது நாடாளுமன்றத்துக்கு அல்ல, நகரசபைக்கு. 1950இல் ஊராட்சித் தேர்தல் சட்டம் வந்தது. 1951 டிசம்பரில் ஜார்ஜ் டவுன், 1952 பிப்ரவரியில் கோலாலம்பூர், அந்த ஆண்டு டிசம்பரில் ஜொகூர் பாரு, மூவார், பத்து பகாட். நாட்டின் முதல் பொதுத்தேர்தல் நடந்தது 1955இல்தான். சாக்கடைக்குப் போட்ட ஓட்டு சுதந்திரத்துக்கு முன்னோடி.

அதே காலத்தில் அவசரகாலமும் நடந்துகொண்டிருந்தது. பிரிக்ஸ் திட்டம் 1950 ஜூனில் ஜொகூரிலிருந்துதான் தொடங்கியது. காட்டோரத்தில் இருந்தவர்களைக் கம்பி வேலிக்குள் கொண்டுவந்து புதுக்கிராமங்கள் அமைத்தார்கள். 1952ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றுக்குத் தனித்தனி உள்ளூர் மன்றம் வைக்க வழி செய்தது. ஆக, மேற்கு மலேசியாவில் பின்னாளில் எண்ணிப் பார்த்தபோது ஊராட்சி அமைப்புகள் 374 இருந்தன. சிலவற்றின் வருமானம் எழுத்தர் சம்பளத்துக்கும் குப்பை வண்டிக்குமே சரியாகப் போகும் நிலை.

ஓட்டு இருந்த காலம் பொற்காலம் என்று எழுதிவிடுவது சுலபம், அது உண்மையாகாது. ஓட்டுக் கேட்டு நிற்பவர் வீட்டு வரியை ஏற்றப் பயப்படுவார். பாக்கியைக் கறாராக வசூலிக்கவும் கை வராது. இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி 1965 மார்ச்சில் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. சீர்கேட்டுப் புகார்கள் ஒரு பக்கம் எழுந்துகொண்டிருந்தன. 1966இல் ஜொகூர் பாரு, பத்து பகாட் நகர மன்றங்களின் நிர்வாகத்தை மாநில அரசே எடுத்துக்கொண்டது.

இந்த இடத்தில் ஒரு தமிழர் பெயர் வருகிறது. ஊராட்சிகள் எப்படி நடக்கின்றன என்று விசாரிக்க அமைத்த அரச ஆணையத்துக்குத் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன். மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவர்களில் ஒருவர். ஜான்சி ராணிப் படையில் இருந்த ஜானகியின் கணவர். 1968 டிசம்பரில் அறிக்கையைக் கொடுத்தார்கள். ஊராட்சிகளின் குறைகளை அது மறைக்கவில்லை. ஆனாலும் தேர்தல் வேண்டும் என்று சொன்னது. அரசு அந்தப் பரிந்துரையை ஏற்கவில்லை. 1973இல் ஓர் இடைக்காலச் சட்டம், 1976இல் ஊராட்சிச் சட்டம். நிறுத்திவைத்த தேர்தல் அதோடு சட்டப்படியே முடிந்துபோனது. பின்னாளில் பினாங்கு மாநிலம் 2012இல் தனிச்சட்டம் போட்டு அதை மீட்கப் பார்த்தது. கூட்டரசு நீதிமன்றம் 2014இல் கதவை மூடியது.

இன்றைய மேசை

இன்று ஜொகூரில் 16 ஊராட்சி மன்றங்கள். மூன்று மாநகர் மன்றங்கள்: ஜொகூர் பாரு, இஸ்கண்டார் புத்ரி, பாசிர் கூடாங். மூவார், பத்து பகாட், குளுவாங், சிகாமட், கூலாய், பொந்தியான், பெங்கேராங் ஆகியவை நகராண்மைக் கழகங்கள். கோத்தா திங்கி, மெர்சிங், தங்காக், லாபிஸ், யோங் பெங், சிம்பாங் ரெங்கம் மாவட்ட மன்றங்கள். ஜொகூர் பாரு 1977இல் நகராண்மைக் கழகமாகி, 1994 ஜனவரி 1இல் மாநகர் ஆனது. பாசிர் கூடாங்கின் கதை தனி. அந்தத் தொழிற்பேட்டையை உருவாக்கிய மாநில நிறுவனமான ஜொகூர் கார்ப்பரேஷன்தான் 2008 வரை அங்கே ஊராட்சியும். நிலத்தை விற்றவரும் வரி வாங்கியவரும் ஒருவரே.

எல்லாவற்றையும் ஆள்வது சட்டம் 171 எனப்படும் அந்த 1976ஆம் ஆண்டுச் சட்டம். மேயர் அல்லது தலைவரோடு 8 முதல் 24 உறுப்பினர்கள். எல்லாரையும் மாநில அரசு நியமிக்கிறது. ஒரு தவணை மூன்று ஆண்டுக்கு மேல் போகாது, மறுபடி நியமிக்கலாம். ஊராட்சி விவகாரத்தில் அனுபவம், தொழிலில் தேர்ச்சி, தம் சமூகத்தைப் பிரதிநிதிக்கும் தகுதி என்று சட்டம் அளவுகோல் வைத்திருக்கிறது. நடைமுறையில் ஆளும் கூட்டணிக் கட்சிகள் பெயர்ப் பட்டியலைக் கொடுக்கின்றன.

இந்த மன்றம் ஆண்டுக் கணக்கைப் போடுவது இப்படி. ஒவ்வொரு துறையும் அடுத்த ஆண்டுச் செலவைச் சொல்லும். நிதிக் குழு அதை வரவோடு வைத்துப் பார்க்கும். மன்றம் சிறப்புக் கூட்டத்தில் திட்டத்தை ஏற்று மாநில அரசுக்கு அனுப்பும். மாநில அரசு ஒப்புக்கொண்டால்தான் அது செல்லும். மதிப்பீட்டு வரி விகிதத்துக்கும் மாநில ஒப்புதல் வேண்டும். கட்டணங்களை நிர்ணயிக்கும் துணைச்சட்டங்களை மன்றம் இயற்றலாம். ஆனால் மாநில அரசு உறுதிசெய்து அரசிதழில் வெளியிடும் வரை அவற்றுக்கு உயிர் இல்லை. எனவே ‘கவுன்சில் ஏற்றிவிட்டது’ என்று திட்டுகிறவர் பாதியைத்தான் திட்டுகிறார். மறுபாதி இஸ்கண்டார் புத்ரியில் கோத்தா இஸ்கண்டாரில், மாநிலச் செயலகத்தில் இருக்கிறது. அங்கே இருப்பவர்களுக்கு நாம் ஓட்டுப் போடுகிறோம். ஆனால் சட்டமன்றத் தேர்தலில் பார்க்கிங் கட்டணத்தைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

மன்றக் கூட்டம் எப்படி நடக்கிறது என்பதில் இன்னொரு முடிச்சு இருக்கிறது. மன்றத்தின் முழுக் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகைக்கும் திறந்தது என்று சட்டமே சொல்கிறது. மூட வேண்டுமானால் மன்றம் தீர்மானம் போட வேண்டும். ஆனால் அந்த விதி குழுக்களுக்குப் பொருந்தாது. தொகை அடித்துத் திருத்தி எழுதப்படுவது குழுவில். முழுக் கூட்டத்தில் போய் உட்காருகிறவர் பார்ப்பது, ஏற்கெனவே வெந்த சோற்றைப் பரிமாறுவதைத்தான்.

வாடகையா, விலையா?

மதிப்பீட்டு வரியில் ஜொகூர் மற்ற மாநிலங்களிலிருந்து விலகி நிற்கிறது. தீபகற்பத்தின் மற்ற மாநிலங்களில் வரிக்கு அடிப்படை ஆண்டு மதிப்பு, அதாவது வீட்டை வாடகைக்கு விட்டால் ஓர் ஆண்டில் என்ன கிடைக்கும் என்பது. ஜொகூரில் அடிப்படை ‘நிலாய் தம்பா’: வீட்டை விற்றால் என்ன கிடைக்கும் என்பது. விற்கக் கட்டாயம் இல்லாத சொந்தக்காரர், வாங்க விரும்பும் ஒருவரிடம் நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய விலை என்று சட்டம் அதை விளக்குகிறது. சட்டம் வைத்திருக்கும் உச்சவரம்பும் அதற்கேற்ப வேறு: வாடகை அடிப்படையில் 35 விழுக்காடு, விலை அடிப்படையில் 5 விழுக்காடு. நடப்பில் வாங்கும் விகிதங்கள் இவற்றுக்கு வெகு கீழே இருக்கும்.

இதனால் என்ன வேறுபாடு? கணக்குக்காக ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். விலை 3 லட்சம் ரிங்கிட், மாத வாடகை 1,000 ரிங்கிட். விலையில் 0.2 விழுக்காடு வைத்தாலும் ஆண்டு வாடகையில் 5 விழுக்காடு வைத்தாலும் வரி 600 ரிங்கிட்தான். சில ஆண்டில் விலை 5 லட்சமாக ஏறுகிறது, வாடகை 1,200க்குத்தான் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விகிதம் மாறாமல் மறுமதிப்பீடு செய்தால் வாடகைக் கணக்கில் வரி 720. விலைக் கணக்கில் 1,000.

இந்த இடைவெளி ஜொகூர் பாருவில் வெறும் கணக்குப் புத்தகச் சமாச்சாரம் அல்ல. இஸ்கண்டார் மேம்பாட்டு வட்டாரம் 2006இல் தொடங்கியது. ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தம் 2025 ஜனவரியில் கையெழுத்தானது. புக்கிட் சாகாரிலிருந்து உட்லண்ட்சுக்கு ஆர்.டி.எஸ். ரயில் பாதை வருகிறது. வீட்டு விலையை ஏற்றுவது சிங்கப்பூர் வெள்ளியும், ரயில் வரப்போகிறது என்ற நம்பிக்கையும். வாடகை அப்படி இல்லை. அது இங்கே குடியிருக்கும் ஆளின் சம்பளத்தைத் தாண்டி ரொம்ப தூரம் ஓடாது. தாமானில் இருபத்தைந்து வருடமாகக் குடியிருக்கும் ஓர் அம்மா வீட்டை விற்கப் போவதில்லை. ஆனால் பக்கத்து வீடு என்ன விலைக்குப் போனது என்பது அவருடைய வரியின் அளவுகோல் ஆகிறது. விலை ஏறியதால் அவர் கையில் ஒரு சென்னும் கூடவில்லை.

மதிப்பீட்டுப் பட்டியலை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், அல்லது மாநில அரசு நீட்டித்துக் கொடுக்கும் காலத்துக்குள் புதுப்பிக்க வேண்டும். இந்த ‘அல்லது’தான் நாடு முழுவதும் வேலை செய்கிறது. தேர்தல் நெருங்கும்போது தள்ளிப் போடத் தோன்றும். தள்ளிப் போட்டதெல்லாம் ஒருநாள் சேர்ந்து இறங்கும். கோலாலம்பூரில் 1992க்குப் பிறகு தொடாமல் வைத்திருந்த மதிப்பை 2014இல் புதுப்பித்தபோது நகரமே கொதித்தது. வீடுகளுக்கான விகிதத்தை 6 விழுக்காட்டிலிருந்து 4க்கு இறக்கியும் பலருடைய பில் கூடவே செய்தது. ஆண்டுதோறும் கொஞ்சம் ஏறியிருந்தால் முணுமுணுப்போடு போயிருக்கும்.

ஆனால் இந்த வரியில் சட்டம் நமக்கு ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறது. புதிய பட்டியல் தயாரானதும் அரசிதழிலும் நாளிதழ்களிலும் அறிவிக்க வேண்டும். யாரும் போய்ப் பார்க்கலாம். குறித்த தேதிக்குப் பதினான்கு நாளுக்கு முன்பு எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம்: மதிப்பு அதிகம் என்றோ, பக்கத்துச் சொத்தின் மதிப்பு குறைவு என்றோ, பெயர் தவறு என்றோ. மன்றம் கூப்பிட்டுக் கேட்டாக வேண்டும். முடிவு பிடிக்காவிட்டால் உயர் நீதிமன்றம் போகலாம். கோயில், சுடுகாடு, பள்ளிக்கூடம், இலாபம் கருதாத அறப்பணி இடம் ஆகியவற்றுக்கு முழுதாகவோ பகுதியாகவோ விலக்கு அளிக்க மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு. அது தானாகக் கிடைக்கும் உரிமை அல்ல. கோயில் நிர்வாகங்கள் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ஒட்டுக்கடைக்கு நாற்காலி இல்லை

வீட்டுக்காரருக்குக் கிடைக்கும் அந்த நாற்காலி, ஒட்டுக்கடைக்காரருக்குக் கிடையாது. லைசென்சு, பலகை, சந்தை இடம் என்று கட்டணம் எல்லாம் துணைச்சட்டத்தின் கீழ் வருபவை. துணைச்சட்டம் அரசிதழில் வரும், வந்தால் அமல். ‘இந்தக் கட்டணத்தை ஏற்றப் போகிறோம், உங்கள் கருத்து என்ன’ என்று முன்கூட்டிக் கேட்க வேண்டும் என மதிப்பீட்டு வரிக்கு இருப்பதைப் போன்ற ஏற்பாடு இவற்றுக்கு இல்லை. கேட்கும் மன்றங்கள் கேட்கலாம். அது அவர்கள் நல்ல மனம்.

லைசென்சு பற்றிய பிரிவு இன்னும் கடுமை. மன்றம் தனக்குத் தகுந்ததெனத் தோன்றும் நிபந்தனை விதிக்கலாம். காரணம் சொல்லாமல் கொடுக்க மறுக்கலாம், புதுப்பிக்க மறுக்கலாம், நடுவில் ரத்தும் செய்யலாம், இழப்பீடு கிடையாது. ஜொகூர் பாரு ஜாலான் உங்கு புவான் பக்கம் பூக்கட்டி விற்பவர், முடிவெட்டும் கடைக்காரர், வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்காரர் எல்லாரும் இந்தப் பிரிவின் கீழ்தான் பிழைக்கிறார்கள். சாப்பாட்டுக் கடை என்றால் லைசென்சுத் தொகை மட்டும் செலவல்ல. சமையல் ஆட்களுக்கு டைபாய்டு ஊசி, உணவு கையாளும் பயிற்சி எல்லாம் தனிச் செலவு. கடைப் பலகையில் தேசிய மொழி முதன்மையாக இருக்க வேண்டும்; தமிழை எந்த அளவில் எழுதுவது என்பதும் அனுமதிக்கு உட்பட்டது.

அன்று டவுன் போர்டுக் காலத்துத் தெருவியாபாரி, லைசென்சு இல்லாமல் பிடிபட்டால் கூடையைப் பறிகொடுத்தார். இன்று அவருடைய பேரன் மின்னியல் படிவத்தில் விண்ணப்பிக்கிறார், வங்கி வழி பணம் கட்டுகிறார். அலைச்சல் குறைந்தது, கையூட்டுக்கு இடம் சுருங்கியது. இது உண்மையான முன்னேற்றம். கட்டணத் தொகையில் மட்டும் தாத்தாவுக்கு இருந்த பேச்சுரிமைதான் பேரனுக்கும்.

பார்க்கிங் இதற்கு நல்ல சாட்சி. முன்பு கடையில் கூப்பன் வாங்கி, நாணயத்தால் சுரண்டித் தேதியும் நேரமும் காட்டிக் கண்ணாடிக்குள் வைத்தோம். கூப்பன் தீர்ந்துபோனால் அண்ணாச்சி கடைக்கு ஓட்டம், திரும்புவதற்குள் சம்மன். இப்போது கைப்பேசிச் செயலியில் ஒரு தட்டு. கட்டுவது இவ்வளவு எளிதானபின் எவ்வளவு கட்டுகிறோம் என்று யாரும் பார்ப்பதில்லை. காங்சூ காலத்துக் கூலியாளுக்குச் சாராய விலைக்குள் வரி ஒளிந்திருந்தது. நமக்கு அது திரையில் பளிச்சென்று தெரிகிறது, நாம்தான் பார்ப்பதில்லை.

வேலை போனது, பில் இருக்கிறது

பில்லைப் பார்த்துக் கோபப்படும்போது ‘என்ன செய்கிறார்கள் இந்தப் பணத்தை வைத்து’ என்பது அடுத்த கேள்வி. அதற்குப் பதில் முன்பைவிட இன்று சிக்கல். 1993ஆம் ஆண்டுச் சட்டம் கழிவுநீர்ப் பணியைக் கூட்டரசின் கைக்குக் கொண்டுபோனது. நாட்டின் பெரும்பகுதியில் இண்டா வாட்டர் தனி பில் அனுப்பத் தொடங்கியது. 2007ஆம் ஆண்டுத் திடக்கழிவுச் சட்டம் 2011 செப்டம்பரில் அமலுக்கு வந்தபின், ஜொகூரில் குப்பை அள்ளும் வேலை எஸ்.டபிள்யூ.எம். என்ற குத்தகை நிறுவனத்திடம் போனது. மேற்பார்வை கூட்டரசு அமைப்பிடம். குப்பை லாரி வரவில்லை என்றால் நாம் திட்டுவது நகராண்மைக் கழகத்தை. அவர்கள் கைகாட்டுவது வேறொரு அலுவலகத்தை. ஆனால் அந்தச் சேவைக்கு ஊராட்சியும் தன் வரிப்பணத்திலிருந்து பங்கு கொடுக்கிறது. எனவே குப்பை வண்டி கைமாறியதால் வீட்டு வரி குறையவில்லை.

வரவுப் பக்கத்திலும் ஓட்டை உண்டு. கூட்டரசின் கட்டடங்களுக்கு ஊராட்சி வழக்கமான மதிப்பீட்டு வரி போட முடியாது. அரசியல் சட்டத்தின் 156ஆவது விதிப்படி அதற்குப் பதிலாக ஒரு பங்களிப்புத் தொகை வருகிறது. எல்லைச் சோதனைச் சாவடியும் அரசு அலுவலகங்களும் நிறைந்த ஜொகூர் பாரு போன்ற ஊருக்கு இது சின்ன விஷயம் அல்ல. லாபிஸ், மெர்சிங் போன்ற சிறிய மன்றங்களுக்கோ வரி போடத் தக்க கட்டடமே குறைவு. மாநில, கூட்டரசு மானியத்தை எதிர்பார்த்து இருக்க வேண்டும். மானியம் கொடுப்பவர் சொல்தான் அங்கே மேலோங்கும்.

தோட்டத்திலிருந்து தாமானுக்கு

தமிழருக்கு இந்த மாற்றத்தில் ஒரு தனிக் கணக்கு இருக்கிறது. தோட்டங்கள் செம்பனைக்கும் வீட்டுமனைக்கும் தொழிற்சாலைக்கும் போன பிறகு லயத்துப் பிள்ளைகள் தாமான்களுக்கு வந்தார்கள். உலு திராம், மாசாய், ஸ்கூடாய், கூலாய் பக்கம் மலிவு விலை வீடுகளில் முதல் தலைமுறையாக வீட்டுச் சொந்தக்காரர் ஆனார்கள். அவர்கள் கைக்கு வந்த முதல் மதிப்பீட்டு வரி பில் வெறும் செலவுச் சீட்டு அல்ல. ஊருக்கு வரி கொடுப்பவர் பட்டியலில் பெயர் ஏறியதற்கான அத்தாட்சி அது. துரை வைத்ததே சட்டம் என்று இருந்த இடத்திலிருந்து, மதிப்பு அதிகம் என்று எழுதிக் கொடுத்தால் கூப்பிட்டுக் கேட்க வேண்டிய இடத்துக்கு வந்திருக்கிறார்கள்.

ஆனால் பட்டியலில் பெயர் ஏறிய காலம், ஓட்டு போன காலத்துக்குப் பிந்தியது. தேர்தல் இருந்தபோது நம்மில் பலர் எல்லைக்கு வெளியே தோட்டத்தில் இருந்தோம். உள்ளே வந்தபோது தேர்தல் இல்லை. இதனால்தானோ என்னவோ, ஊராட்சி என்றால் புகார் மனு கொடுக்கும் இடம், கட்சிக்காரரைப் பிடித்துச் சாக்கடை அடைப்பை எடுக்கச் சொல்லும் இடம் என்ற பழக்கம் நமக்கு ஆழமாகப் படிந்துவிட்டது. கணக்கைக் கேட்கும் இடம் என்ற எண்ணம் வரவில்லை.

ஊராட்சித் தேர்தல் திரும்புமா என்பது கோலாலம்பூரில் தீர்மானமாக வேண்டிய பெரிய அரசியல். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. கட்டணத் துணைச்சட்டத்தை உறுதிசெய்யும் மாநில அரசு, பழைய தொகையையும் புதிய தொகையையும் காரணத்தோடு பக்கம் பக்கமாக அச்சிட்டு, அரசிதழுக்கு அனுப்புமுன் சில வாரம் மன்ற வாசலிலும் செயலியிலும் வைக்கலாம். வீட்டு வரிக்கு ஏற்கெனவே இருக்கும் ஆட்சேப முறையைக் கட்டணத்துக்கும் நீட்டலாம். இதற்குப் புதிய நாடாளுமன்றச் சட்டம் வேண்டாம். கோத்தா இஸ்கண்டாரில் ஒரு முடிவு போதும். மதிப்பீட்டு வரியைக் கேள்வி கேட்கும் உரிமை தாமான் வீட்டுக்காரருக்கு இருக்கும்போது, அதே தெருமுனையில் ஒட்டுக்கடை வைத்திருப்பவருக்கு மட்டும் அது ஏன் இல்லை என்று நம் மன்ற உறுப்பினர்களையும் சட்டமன்ற உறுப்பினர்களையும் கேட்க வேண்டும். கேட்கும் நேரம் பில் வந்த பிறகு அல்ல. அடுத்த ஆண்டுக் கணக்கை எழுதிக்கொண்டிருக்கும் ஆண்டுப் பிற்பகுதியில்.